வெட்டிய சத்தம்

சமுதாய வானொலியின் ‘வாசல் தாண்டு தோழி’ நிகழ்ச்சியைப் பாட்காஸ்ட்டாகப் போட அறிவுமதி எடிட் செய்துகொண்டிருந்தான். திருவானைக்காவலில் தன் வீட்டிலிருந்தே அதைப் பேசி அனுப்பும் ஆனந்தவள்ளியைப் போனில் அழைத்தான்.

“பேச்சு பிரமாதம்க்கா. பொம்பளைங்க துணிஞ்சு வெளிய வரணும்னு சொன்ன இடத்துல எனக்கே சிலிர்த்துடுச்சு. ஆனா இந்த வாரமும் ஆரம்பத்துல கதவு பூட்டுற சத்தம். வழக்கம்போல வெட்டிட்டேன்.”

“ம்.”

“கதவைப் பூட்டிட்டு வந்து, அப்புறமா ரெக்கார்டிங்கை ஆன் பண்ணுங்களேன்.”

“பூட்டுறது நான் இல்ல தம்பி. அவர் வேலைக்குக் கிளம்புறப்ப வெளியிலேருந்து பூட்டிட்டுப் போறார்.”

அறிவுமதி மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

“வாய்விட்டுச் சொல்ல முடியல. யார் காதுலயாவது விழட்டும்னுதான் முன்னாடியே ஆன் பண்ணி வைக்கிறேன். நீங்க வாராவாரம் வெட்டிடுறீங்க.”