புல்டோசரின் துரோகம்

"துரோகி! உனக்கு நான் என்னடா குறை வச்சேன்?"

ஜிம் மாஸ்டர் போட்ட சத்தத்தில் மைதானத்தில் இருந்த பாதிப் பேர் யாரையோ நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். திட்டு வாங்கியவன் மட்டும் அசையவில்லை. மார்பில் பட்டை, பட்டைக்குப் பின்னால் வண்டி. முன்னங்கால்களின் மேல் தாடையை வைத்துச் சௌகரியமாகப் படுத்திருந்தான் புல்டோசர்.

டெரியர் ஜாதி. கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாத உடம்பு. வண்டியில் இருந்ததோ முதல் சுற்றுக்கான சில மணல் மூட்டைகள்தான். சற்றுமுன் இவனில் பாதிகூட இல்லாத ஒரு குட்டை நாய் அதை வாலாட்டிக்கொண்டே இழுத்துவிட்டுப் போயிருந்தது.

நாயைத் தொடக் கூடாது, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட மட்டும் செய்யலாம் என்பது அந்த வண்டி இழுக்கும் போட்டியின் விதி. மாஸ்டர் கூப்பிட்டார், கொஞ்சினார், கடைசியில் மண்டி போட்டுக் கெஞ்சினார். புல்டோசர் இரண்டு தடவை எழுந்து தம் பிடித்தான். பிறகு, எதையோ காணோமே என்பதுபோல் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். மறுபடியும் படுத்துவிட்டான்.

நடுவர் விசில் ஊதினார்.

"சார், ஒரு நிமிஷம்! இதைவிட ரெண்டு மடங்கு இழுத்த நாய் சார் இது. என் மச்சினனையே வண்டியில உக்கார வச்சு இழுத்திருக்கு. அந்த உடம்பைப் பாருங்க, பாத்துட்டுச் சொல்லுங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். மச்சினன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அவனை உட்கார வைத்து நாயைப் பழக்கும் யோசனை மாஸ்டருடையதுதான். வேலை தேடி அக்கா வீட்டுக்கு வந்தவன், வேலை கிடைக்கும்வரை எடையாகவாவது பயன்படட்டுமே. வண்டி சின்னது. மச்சினன் நாய்க்கு முதுகைக் காட்டி, கால்களைப் பின்பக்கம் தொங்கப் போட்டு உட்காருவான். மாஸ்டர் தெருக்கோடியில் நின்று "வாடா ராஜா" என்பார்.

முதல் சில நாட்கள் ராஜா வரவில்லை. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கினான்.

"இன்னும் ஒரு வாரம் பாப்பேன். இழுக்கலேன்னா குடோன்காரர்கிட்ட கொடுத்துடுவேன். அங்க சங்கிலியில கிடக்கட்டும்" என்றார் மாஸ்டர்.

மறுநாள் காலையே வண்டி நகர்ந்தது. "பாத்தியா, மிரட்டினா நாய்க்கும் புரியுது" என்று மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ராஜ உபசாரம். நாய்க்கு வேகவைத்த கோழி. மச்சினனுக்கு அந்தக் கோழி வெந்த தண்ணீர். நாயின் தொடைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார், கால் மூட்டுகளை நீவிவிட்டார். ஜிம்முக்கு வருகிறவர்களெல்லாம் ஒரு மாதத்தில் ஓடிவிடுகிறார்கள். "மனுஷனை நம்பி ஏமாந்தது போதும். இவன் என்னைக் கைவிட மாட்டான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

செலவு என்று பார்த்தால் மச்சினன் வைத்ததுதான். மறுபடியும் மறுபடியும் செருப்பு கேட்டான்.

"உக்காந்த இடத்துல உக்காந்துகிட்டே செருப்பைத் தேய்க்கிறவன் நீ ஒருத்தன்தான்டா மாப்ளே!"

"வேலைக்கு அலையிறானே, தேயாதா?" என்று அக்கா தம்பிக்குப் பரிந்து வந்தாள். பேச்சு அதோடு நின்றது.

இப்போது மைதானத்தில் மாஸ்டர் பட்டையை அவிழ்த்தார். புல்டோசர் அவர் கையை நக்கினான்.

"நக்காதடா. நடிக்காத. தெருவுல அத்தனை நாள் இழுத்தவனுக்கு இன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு? நாலு பேர் முன்னாடி என் மூக்கை அறுக்கணும்னே காத்திருந்தியா?" அடுத்த சுற்றுக்கு வந்த நாய்கள்கூட ஒதுங்கி வழிவிட்டன.

குடோன்காரர் பக்கத்தில் வந்து நின்றார். கையில் புதுச் சங்கிலி இருந்தது.

"போட்டியில இழுக்கலேன்னா எனக்குன்னு பேசினபடி கூட்டிட்டுப் போகலாமா மாஸ்டர்? நம்மகிட்ட ஓட்டமும் கிடையாது, இழுப்பும் கிடையாது. கேட்டுல கட்டிடுவேன். ராத்திரி குரைச்சாப் போதும்."

"கூட்டிட்டுப் போங்க. துரோகம் பண்ணின மூஞ்சியை இனிமே நான் பாக்க மாட்டேன்."

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றை நீட்டினார். புல்டோசர், நடைக்குத்தான் கிளம்புகிறோம் என்று நினைத்து, எழுந்து வாலாட்டினான்.

கயிறு குடோன்காரர் கைக்குப் போகவில்லை. நடுவில் மச்சினன் பிடித்துக்கொண்டிருந்தான்.

"விடுடா. உனக்கென்ன இதுல?"

மச்சினன் அடிப்பாகம் தேய்ந்து கிழிந்த தன் செருப்பைப் பார்த்தான், நாயைப் பார்த்தான்.

"அப்ப என்னையும் சேத்துக் கட்டிப் போடச் சொல்லுங்க மாமா... இத்தனை நாளா பின்னாலேர்ந்து வண்டியைத் தள்ளினது என் காலு."