கர்ணனுக்கு இன்னும் தேறலை

"ஏலே கர்ணா, ஒரே டிராக்டர்லருந்துதான ரெண்டு பேரும் விழுந்தீக? ரெண்டு பேருக்கும்தான மண்டையில அடி? ஒம்பொண்டாட்டி மொக்கம்மா எந்திரிச்சு ஆறு மாசமா அடுப்படியில நிக்கிறா. நீ இன்னும் படுத்தே கெடக்கியே!"

அக்கா சங்கிலியம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஞானதுரை எட்டிப் பார்த்தார்.

"பொம்பளைக்கு மண்டை கெட்டி தாயி. சீக்கிரம் தேறிருவாக" என்று சிரித்தார்.

அடுப்படி வாசலை அடைத்துக் கிடந்த கட்டிலில் கர்ணன் முனகினான்.

"தலை சுத்துதுக்கா..."

"ஒன் திராட்சைத் தோட்டத்தை எம்புருசன் பாக்குறாரு. ஒனக்குத் தலை சுத்துதா? கெளம்பு, டாக்டர்கிட்டக் கேட்டுருவோம்!"

மொக்கம்மாளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் உத்தமபாளையம் பஸ் ஏறினார்கள்.

டாக்டர், "முதல்ல மொக்கம்மா உட்காரட்டும்" என்றார்.

"அவளுக்கு ஒண்ணுமில்லைங்க. இந்தச் சோம்பேறியப் பாருங்க."

"இருங்கம்மா. மொக்கம்மா, இது எந்த வருசம்?"

"எழுபத்தொம்பது."

"சரி" என்றார் டாக்டர். கர்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"உங்க மக பேரு?"

மொக்கம்மாள் கண்ணை மூடினாள். கர்ணன் நாற்காலி நுனிக்கு வந்தான்.

"சொர்ணலதா."

"காலையில என்ன சமைச்சீங்க?"

"கருவாட்டுக் கொழம்பு. உப்பு ஒரு தடவைதான் போட்டேன். அடுப்பையும் அணைச்சுட்டேன்."

கர்ணன் துள்ளி எழுந்தான். "அவளா அணைச்சா டாக்டர்! நான் சொல்லவே இல்ல!" டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

சங்கிலியம்மாள் வாயைப் பிளந்தாள். "தலை சுத்துதுன்ன?"

"எனக்கு அஞ்சு மாசம் முன்னாலயே தேறிருச்சுக்கா. இவளுக்குத்தான் தேறலை. பெத்த மக பேரு மறந்துபோச்சு. ஒலை வச்சா வச்சதே தெரியாது. பக்கத்துல படுத்துக்கிட்டு ஒவ்வொண்ணாச் சொல்லிக்குடுத்தேன்."

"அட பாவி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா, புத்தி கெட்டவளுன்னு நீயே இவளப் பொறந்த வீட்டுக்கு அனுப்பியிருப்பக்கா. படுத்துக் கெடக்குற ஆம்பளைய யாரு அனுப்புவாக?"