பயம் பார்க்கும் கதவு

"குரல் கேட்டுத் திறக்கற அந்தச் சின்னப் பூட்டே போதும்னு அப்பவே சொன்னேன்! நாம 'திற'ன்னா அது பாட்டுக்குத் திறந்திருக்கும்—"

"திருடன் நம்ம கழுத்துல கத்தி வெச்சுச் சொல்லச் சொன்னாலும் அது திறந்துருமுங்களே! அதுக்குப் பயந்துதானே, பயந்த குரல்ல சொன்னா திறக்காத இந்தக் காவல் எந்திரத்தை வாங்கினேன்!"

"இப்ப உன்ற புருசனே திருடனாயிட்டேன், பாத்துக்க!"

நாச்சிமுத்து பழனியில் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு வந்திருந்தார். வீட்டுக் காவல் எந்திரத்துக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. வெளிக் கம்பிக் கதவை அவர் முதுகுக்குப் பின்னால் பூட்டிவிட்டு, உள்கதவையும் திறக்க மறுத்தது. இரண்டு கதவுகளுக்கும் நடுவே அவர் மாட்டிக்கொண்டார்.

பூங்கொடி உள்ளேயிருந்து கதவிடம் சொன்னாள். "அது எங்க வீட்டுக்காரர். மொட்டை போட்டிருக்கார். திற."

"உங்கள் குரல் நடுங்குகிறது, அம்மா. அந்த ஆள் உங்களை மிரட்டுகிறார். அவர் நிற்கும் தரையில் மின்சாரத்தைப் பாய்ச்சுகிறேன்."

"ஐயோ, வேண்டாஞ் சாமி! திறந்துரு!"

"இப்போது இன்னும் அதிகமாகப் பயப்படுகிறீர்கள். ஆபத்து முற்றிவிட்டது."

"அம்மிணி!" வெளியிலிருந்து நாச்சிமுத்து கத்தினார். "உள்ளங்கால் சுள்ளுங்குது. ஒதுங்க எடமில்ல!"

பூங்கொடி முந்தானையை வாயில் திணித்து அழுகையை விழுங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். முந்தானையை எடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் கருவேப்பிலை கேட்கிற குரலில் நிதானமாகச் சொன்னாள்:

"எனக்குத் துளிகூடப் பயமில்ல, கண்ணு. கதவைத் திற."