தமிழ்ப் பக்கத்தில் ஒரு பிழை

“அது மெஷின்ட பிழை அன்ரி. மனுசர் எழுதினதில்ல,” என்றாள் டோரின்.

கொழும்பு வெள்ளவத்தையில் அறை வாடகைக்கு என்ற விளம்பரத்தின் கீழே, திரையில் அந்த வரி தெளிவாகத் தெரிந்தது: ‘யாழ்ப்பாணத்தவர்கள் தயவுசெய்து அழைக்க வேண்டாம்.’

நாகேஸ்வரி அதை மறுபடி பார்க்கவில்லை. கணவரின் வைத்தியத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இன்று பின்னேரம் கணவரைக் களுபோவில ஆஸ்பத்திரியிலிருந்து விடுகிறார்கள்.

“பொலிஸ் வந்து போனவுடன லொட்ஜை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டாங்கள். இந்த ரூமும் இல்லையெண்டா அவரை எங்க கொண்டு போறது பிள்ளை?”

டோரினுக்கு முகம் எரிந்தது. இந்த அலுவலகம் நடத்தும் வாடகை இணையத்தளம் அவளுடைய பொறுப்பு. எந்த மொழியில் விளம்பரம் வந்தாலும், மென்பொருள் தானாக மற்ற மொழிக்கு மாற்றிப் போடும்.

சிங்களப் பக்கத்தைத் திறந்து, சிங்களவரான முதலாளி ஹெக்டரைக் கூப்பிட்டாள். அவளை எப்போதும் நங்கி, தங்கச்சி, என்று கூப்பிடும் அவர் குனிந்து வாசித்தார்.

“யாழ்ப்பாணம், ஆள், தயவு, அழைப்பு. வேணாம் எண்டு இதுல இல்லயே நங்கி. ஆனா என்ன சிங்களம் இது? எங்கட சின்னப் பிள்ளையும் இப்படி எழுதாது.”

“அவசரத்தில எழுதியிருப்பாங்க அய்யே. அதாலதான் தமிழ்ல தலைகீழாப் போயிருக்கு.”

எதுவும் முதலில் சிங்களத்தில் வரும், தமிழ் பின்னால் வரும். அவளுக்குத் தெரிந்த நாட்டில் அப்படித்தான்.

ஹெக்டர் நாகேஸ்வரியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “ஸொறி அம்மா. எங்கட ஆள் ஒண்டு அப்படி எழுதியிருந்தா எனக்குத்தான் வெக்கம்.”

நாகேஸ்வரிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு, டோரின் விளம்பரத்திலிருந்த இலக்கத்தை அழுத்தினாள். ஒரு பெண் எடுத்தார். தமிழ்ப் பக்கத்தில் யாழ்ப்பாணத்தவர் வேண்டாம் என்று பிழையாக வந்துவிட்டது, திருத்திவிடுகிறோம், யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இங்கே காத்திருக்கிறார் என்று டோரின் சிங்களத்தில் சொன்னாள்.



“தமிழிலயே கதையுங்கோ. நான் எழுதித் தந்ததும் தமிழிலதான்,” என்றது குரல். “முன்னம் ரூமில இருந்த யாழ்ப்பாணத்துப் பெடியனோட என்ர மகனையும் பொலிசுக்காரர் ஏத்திக்கொண்டு போனவங்கள்.”

டோரின் ஸ்பீக்கரை அணைக்கத் தடுமாறினாள். குரல் இன்னும் தணிந்தது.

“அந்த மனிசியிட்டச் சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை. நானும் யாழ்ப்பாணம், சாவகச்சேரிதான்.”