முந்நூற்றுப் பன்னிரண்டு

"இந்த முந்நூத்திப் பன்னெண்டை நூத்தித் தொண்ணூறாக்கிடும்மா. நாளைக்குக் கடலூர் கலெக்டர் ஆபீஸ்ல ரிப்போர்ட்டைக் குடுக்கணும்."

மணவாளன் அறிக்கையை மேசைமேல் தள்ளினார். சிதம்பரத்தில் அவர் நடத்தும் ஆய்வு நிறுவனத்தில் எழிலரசி நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். கம்மாபுரம் பக்கம் புதிதாக வரவிருக்கும் நிலக்கரிச் சுரங்கத்தால் சுற்றுப்பட்டு ஊர்களில் எவ்வளவு தூசி பறக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டவள் அவள்தான்.

குடியிருக்கும் இடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் இருநூறு மைக்ரோகிராம்தான் உச்ச வரம்பு. அவள் கணக்கில், பள்ளிக்கூடத் தெருவில் அது முந்நூற்றுப் பன்னிரண்டு.

"மாத்த முடியாது சார்."

"கம்ப்யூட்டர் சொல்றதுதானே? காத்தோட வேகத்தைக் கொஞ்சம் மாத்திப் போடு. அதுவே கொறைச்சிச் சொல்லிடும்."

"கம்ப்யூட்டர் சொல்லும். காத்து கேக்காது சார். மேக்கத்திக் காத்து அடிச்சா, லாரி போற ரோட்டுப் புழுதி மொத்தமும் அந்தப் பள்ளிக்கூடத்து மேலதான் எறங்கும். எட்டு மாசம் அதோட மொட்டை மாடியில நின்னு காத்தை அளந்திருக்கேன்."

"ரொம்பப் பேசாத. நீ கையெழுத்துப் போடலன்னா வேற ஆளு போடுவான். உன் வேலைதான் போவும்."

"போவட்டும். யாரு போட்டாலும் பிரயோஜனம் இல்ல சார். நீங்க மாத்தச் சொல்லுவீங்கன்னு தெரிஞ்சு, சரியான கணக்கை நேத்தே கலெக்டருக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன்."

மணவாளன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்ன தைரியம் உனக்கு! ஆமா, நீ எந்த ஊரு?"

"அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு."

"அதானே பாத்தேன்! நெலத்தைக் குடுக்க மனசு இல்ல. சுரங்கமே வரக்கூடாதுன்னு ஊரோட சேந்துக்கிட்டு நம்பரை ஏத்தி வெச்சிருக்க!"

எழிலரசி அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நெலத்தை மொத ஆளாக் குடுத்ததே நாங்கதான் சார். சுரங்கம் வந்தா வேலைன்னு ஒரு லிஸ்ட் போட்டாங்கல்ல, அதுல மொத பேரு, ஆறு வருஷமா வேலையில்லாம வீட்ல இருக்குற என் வீட்டுக்காரரோடது."