எதிர்மறை வாக்கியம்

மெக்கானிக்கின் மனைவி ஒரு வாலிபனுக்கு நேர் எதிரே, முட்டியோடு முட்டி இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மறைந்து நின்ற மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது.

மருந்துக்கடையின் பின்னறையில் நடக்கும் இங்கிலீஷ் வகுப்பு அது. தையல் வேலைக்கு உதவும் என்று போன வாரம்தான் சேர்ந்திருந்தாள். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து பேசிப் பழக வேண்டுமாம். அவளுக்கு ஜோடியாக வாய்த்தவன் பேக்கரிக்காரன்!

பலகையில் டீச்சர் எழுதியிருந்ததை மெக்கானிக் எழுத்துக் கூட்டிப் படித்தான். ஐ ஆம் ஹேப்பி. திஸ் இஸ் மை ஹவுஸ். யூ ஆர் மை ஃப்ரெண்ட்.

கடைசி வரியிலேயே அவன் கண் நின்றது. அதையா இவள் அந்தத் தடியனிடம் சொல்லப் போகிறாள்?

"ஐ ஆம் ஹேப்பி" என்று ஆரம்பித்தான் பேக்கரிக்காரன். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த பென்சிலைப் பார்த்தபடி, "ஐ ஆம் நாட் ஹேப்பி" என்றாள்.

அந்த அளவு இங்கிலீஷ் மெக்கானிக்குக்கும் தெரியும். சந்தோஷமாக இல்லையாம்! அதை எவனோ ஒருத்தனிடம் சொல்லி அழுகிறாளாம்!

வீடு திரும்பியவள் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டான்.

"அவன்கிட்ட என்னடி சொன்ன? சந்தோஷமா இல்லன்னு சொன்னியா? உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

அவள் முகம் வெளிறியது. "இன்னைக்கும் பின்னாடியே வந்தீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு!"

"ஐயோ, அது பாடம்ங்க" என்றாள், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு. "அவர் ஒண்ணு சொன்னா, நான் அதையே இல்லன்னு மாத்திச் சொல்லணும். எதிர்மறை வாக்கியம்னு பேரு."

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நான் ஒரு மடையன்!" என்று தலையில் தட்டிக்கொண்டான். அன்று பாத்திரங்களைக்கூட அவனே கழுவி வைத்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டீச்சரின் ஸ்கூட்டர் பஞ்சராகி, அவன் பட்டறைக்கே வந்து சேர்ந்தது. மெக்கானிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"எங்க வீட்டம்மா நல்லா பிக்கப் பண்றா டீச்சர்!" என்றான் பெருமையாக. "நேத்து எதிர்மறை வாக்கியம் நடத்துனீங்களாமே, டக் டக்னு சொல்றா!"

டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றியபடி யோசித்தாள்.

"எதிர்மறையா? அந்தப் பாடத்துக்கு நாங்க இன்னும் வரவே இல்லையே!"