நாலாவது பாட்டில் ரத்தம்

ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. பதினொரு மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் கிடத்தியிருக்க, எட்வின் அதன்மேல் நின்றுகொண்டே இருக்கிறான். அவன் மனைவி யாமினி உள்ளே போய் இரண்டு மணி நேரமாகிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை அடைத்திருக்கிறது, ரத்தம் நிற்காமல் போகலாம் என்று சொல்லித்தான் டாக்டர் கையெழுத்து வாங்கிப் போனார். குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓர் ஊழியர் உள்ளே ஓடுகிறார். தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்த மாமியார் ரோஸி, உருட்டிக்கொண்டிருந்த ஜெபமாலையை நிறுத்திவிட்டு அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்கிறாள். “நாலாவது பாட்டில் போவுது மாப்ள.”

வெகுநேரம் கழித்துக் கதவு திறக்கிறது. பச்சைத் துணியில் சுற்றிய குழந்தையை நர்ஸ் நீட்டுகிறாள். “ஹெண்ணு மகு. பொண்ணு சார், ரெண்டு கிலோ இருக்கு. வாங்கிக்கங்க.” அவன் கைகள் எழவில்லை. பார்வை குழந்தைமேல் விழவும் இல்லை. “யாமினி எப்படி இருக்கா சிஸ்டர்? அத மொதல்ல சொல்லுங்க.” “ரத்தம் நின்னுடுச்சு சார். கர்ப்பப்பையக்கூட எடுக்கல. கண்ணு முழிச்சிட்டாங்க, தண்ணி கேக்கறாங்க.” ரோஸி வாய்விட்டு அழுகிறாள். எட்வின் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிடுகிறான். “எழுந்திருங்க சார், பாப்பாவ யாரு வாங்கறது?” அவன் உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் மேலே நீட்டுகிறான். நர்ஸ் குனிகிறாள்.